விலைபோகாத பாடம்

2018ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஹங்கேரி நாட்டு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பல்கலைக் கழகங்கள் நடத்தத்தக்க முதுகலைப் பாடங்கள் இன்னின்ன என்று வகுத்துக் கூறும் பட்டியலில் ஒரு திருத்தம். பாலினவியல் என்ற பெயர் அப்பட்டியலில் இருந்தது. ஆணைக்குப் பிறகு இல்லை. ஏடுகளைக் குவித்து எரிக்கவில்லை. ஆசிரியர்களைச் சிறையில் தள்ளவில்லை. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவர்கள் படித்து முடித்துக்கொள்ளலாம் என்ற சலுகைகூட இருந்தது. இனிமேல் எவரும் சேரக்கூடாது, அவ்வளவுதான். ஓசையின்றி ஒரு பாடம் நாடு கடத்தப்பட்டது!

அந்நாட்டிலே அப்பாடத்தை நடத்தியவை இரண்டே நிலையங்கள். தலைநகர் புடாபெஸ்ட்டில் உள்ள எட்வெஷ் லோரான்ட் பல்கலைக் கழகம் ஒன்று. அது அரசுக் கல்விக்கூடம். மற்றொன்று, 1991இல் நிறுவப்பட்ட மத்திய ஐரோப்பியப் பல்கலைக் கழகம். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்து பயின்ற இடம். இரண்டிலும் சேர்த்துப் பார்த்தாலும் அப்பாடம் பயின்றோர் தொகை சிறியது. நகல் ஆணையின்மீது கருத்துக் கூறப் பல்கலைக் கழகங்களுக்குத் தரப்பட்ட அவகாசமோ ஒரே நாள். ஒரு சிறு கூட்டம் படிக்கும் பாடத்தை அகற்ற இத்தனை அவசரம் ஏன்?

காரணம் கூறினர்; ஒன்றல்ல, இரண்டு. இப்பாடம் படித்தவர்களுக்கு வேலைச் சந்தையிலே தேவை இல்லை என்பது முதற் காரணம். ஆண், பெண் என்பது பிறப்பிலே முடிந்துபோன செய்தி, அதை ஆராயப் புகும் இப்பாடம் நாட்டின் நெறிக்கு ஒவ்வாது என்பது இரண்டாம் காரணம்.

தோழர்களே, இவ்விரு காரணங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவது வணிகன் பேச்சு: விலைபோகாத சரக்கு, கடையில் இடமில்லை. இரண்டாவது பழமைக் காவலன் பேச்சு: நம் மரபுக்கு ஆகாது, நாட்டில் இடமில்லை. ஒருவன் தராசைத் தூக்குகிறான்; மற்றவன் தடியைத் தூக்குகிறான். இருவரும் ஒரே வாயிலாகப் பேசும்போது நாம் விழிப்படைய வேண்டும். விலைபோகாத சரக்கை எவரும் தடை செய்வதில்லை. அது தானே அழுகிப்போகும். சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய சரக்கு என்றால், அதை நாடி எவரோ வருகின்றனர் என்றே பொருள்!

அதுமட்டுமா? எட்வெஷ் லோரான்ட் பல்கலைக் கழகம் அப்பாடத்தைத் தொடங்கியது 2017இல். இரண்டாண்டுப் படிப்பு. ஆணை பிறந்த நாளில் முதல் அணி மாணவர்கள் பாதி வழியில் இருந்தனர். ஒருவர்கூடப் பட்டம் பெற்று வெளியே வரவில்லை. வெளியே வராத பட்டதாரியை அந்த நாட்டுச் சந்தை எப்பொழுது கண்டது, எப்பொழுது எடைபோட்டது, எப்பொழுது வேண்டாமென்றது? உலை கொதிக்குமுன்னே சோறு சுவைக்கவில்லை என்று இலையை எடுத்த கதை இது. முதற் காரணம் போர்வை. இரண்டாம் காரணமே உடல்.

பாலினவியல் என்றால் என்ன? ஆணென்றும் பெண்ணென்றும் உடலில் காணும் வேறுபாடு ஒன்று. அந்த வேறுபாட்டின் மேல் சமுதாயம் கட்டிவைத்த மாடிகள் வேறு: இன்ன வேலை இவனுக்கு, இன்ன அடக்கம் இவளுக்கு, சொத்து இவனுக்கு, சமையற்கட்டு இவளுக்கு, கோபம் இவனுக்கு அழகு, பொறுமை இவளுக்கு அழகு. இந்த மாடிகளைக் கட்டியது யார், எப்பொழுது, எவருடைய நன்மைக்காக என்று கேட்பதே அப்பாடம். பெண்ணைப் பற்றி மட்டும் பேசுவதன்று. அழக்கூடாது என்று அடித்து வளர்க்கப்படும் ஆண் பிள்ளையைப் பற்றியும் பேசுவது. இவ்விரு கட்டங்களுக்குள் அடங்காதார் என்று ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றியும் பேசுவது. இயற்கை என்று சொல்லி ஏமாற்றியவற்றுள் எது இயற்கை, எது ஏற்பாடு என்று பிரித்துக் காட்டுவது. இதைக் கண்டு ஆதிக்கம் அஞ்சுவதில் வியப்பில்லை.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. புடாபெஸ்ட்டில் 2018இல் கேட்ட இவ்விரு காரணங்களும் புதியன அல்ல. பெண் பல்கலைக் கழக வாயிலில் கால் வைத்த நாள்முதல் இவை இரண்டும் அவளுக்கு முன்னே போய் நின்றிருக்கின்றன. வரலாற்று ஏட்டைச் சற்றே பின்னோக்கிப் புரட்டுவோம்.

1860களில் ஐரோப்பாவின் பல்கலைக் கழகங்கள் பெரும்பாலும் பெண்களுக்குக் கதவடைத்திருந்தன. சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிக் நகரப் பல்கலைக் கழகம் அந்தக் கதவைத் திறந்தது. 1867இல் நதேஷ்தா சுஸ்லோவா என்ற ருசிய நாட்டுப் பெண் அங்கே மருத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். செய்தி பரவியது. தாய்நாட்டில் வாய்ப்பற்ற ருசியப் பெண்கள் அணி அணியாகச் சூரிக் நகருக்குச் சென்றனர். மருத்துவம் கற்றனர், கற்றதோடு நில்லாது, அரசியலும் சமதர்மமும் பேசினர். ஜார் மன்னனுக்குப் பொறுக்குமா? 1873இல் ஓர் ஆணை வந்தது. அடுத்த ஆண்டு பிறந்தபின்னும் சூரிக்கில் தங்கிப் பாடம் கேட்கும் ருசியப் பெண்களுக்கு ருசியாவில் தேர்வு இல்லை, வேலை இல்லை, கல்விக்கூடங்களில் இடமில்லை! அவர்களுடைய ஒழுக்கத்தின்மேல் சேற்றை வாரி இறைத்தது அந்த ஆணை. ஒழுக்கத்தைக் காட்டிப் பழித்தான், வேலையைக் காட்டி மிரட்டினான். இரண்டு காரணங்களும் அங்கேயே கைகோத்து நிற்பதைக் காணீர்!

ஹங்கேரி நாட்டுக்கே வருவோம். வில்மா ஹூகொன்னாய் என்பவர் பிரபுக் குலத்தில் பிறந்த மாது. அவரும் சூரிக் சென்றார். 1879இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். தாயகம் என்ன செய்தது? பட்டத்தை ஏற்க மறுத்தது. மருத்துவம் கற்ற அந்த மாது, மருத்துவச்சியாகப் பிரசவம் பார்க்கலாம் என்ற அளவுக்கே இடம் கிடைத்தது. ஹங்கேரிப் பல்கலைக் கழகங்களின் மருத்துவப் பிரிவும் கலைப் பிரிவும் பெண்களுக்குத் திறக்கப்பட்டது 1895இல்தான். ஹூகொன்னாயின் பட்டம் 1897இல் ஏற்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள்! அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அவர் கையால் நலம் பெற்றிருக்கக் கூடிய நோயாளர் எத்தனை பேர்? அந்தக் கணக்கை எந்தச் சந்தையும் எழுதி வைக்கவில்லை.

அதே 1897இல், அறிவின் கோயில் என்று போற்றப்படும் கேம்பிரிட்ஜில் நடந்ததைக் கேளுங்கள். பெண்கள் அங்கே பாடம் கேட்கலாம், தேர்வும் எழுதலாம், ஆடவரைவிட மேலான மதிப்பெண்ணும் பெறலாம். பட்டம் மட்டும் கிடையாது. பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு வைத்தனர். 1,700க்கு மேற்பட்டோர் கூடாது என்றனர். தரலாம் என்றோர் 700ஐக்கூட எட்டவில்லை. தெருவிலே மிதிவண்டி ஓட்டும் பெண்ணின் பொம்மையைச் செய்து தொங்கவிட்டு, முடிவு வந்ததும் அதைப் பிய்த்தெறிந்து கூத்தாடினர் கற்றறிந்த வாலிபர்கள்! அந்தப் பல்கலைக் கழகம் பெண்ணுக்கு முழுப் பட்டம் தர 1948 ஆயிற்று.

இதற்கெல்லாம் முன்பே, 1875இல், நம் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லிப் என்ற ஆங்கில மாதையும் வேறு மூன்று பெண்களையும் மாணவர்களாக ஏற்றுக்கொண்டது. லண்டன் பல்கலைக் கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்தது 1878இல். சென்னையில் கற்ற ஷார்லிப் பின்னர் லண்டனுக்குச் சென்று பட்டம் பெற்றார். முன்னேற்றம் எப்பொழுதும் மேற்கிலிருந்தே கிழக்குக்கு வரும் என்று எண்ணுவோர் இந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்வது நலம். பெண் கல்வி மேனாட்டுச் சரக்கு என்று இங்கே தூற்றியோர் இருந்தனர். மேனாட்டிலேயே அதற்கு இடமில்லாதிருந்த செய்தியை அவர்கள் அறியார்.

பெண்கள் உள்ளே நுழைந்துவிட்டனர். நுழைந்தபின் கண்டது என்ன? வகுப்பில் பெண் இருந்தாள், பாடத்தில் இல்லை. வரலாறு மன்னர்களைப் பேசியது, பொருளாதாரம் கூலி பெறும் உழைப்பை மட்டும் உழைப்பென்றது, சட்டம் கணவனைக் குடும்பத் தலைவன் என்றது. இந்த வெற்றிடத்தைச் சுட்டிக் காட்டியவர்கள் மாணவிகளே. 1970இல் அமெரிக்காவின் சான் டியேகோ அரசுக் கல்லூரியில், மாணவியரும் ஆசிரியைகளும் நகரத்துப் பெண்களும் திரண்டு கோரியதன் விளைவாக, மகளிரியல் தனிப் பாடத்திட்டமாக ஏற்கப்பட்டது. எந்த முதலாளியும் அப்படி ஒரு பட்டதாரி வேண்டுமென்று விளம்பரம் செய்திருக்கவில்லை. சந்தை கேட்டு வந்த பாடமன்று அது. கேட்க உரிமை இல்லாதிருந்தவர்கள் கேட்டுப் பெற்ற பாடம்.

இந்தியாவில் அது பிறந்த கதை இன்னும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1971இல் இந்திய அரசு பெண்களின் நிலையை ஆராய ஒரு குழு அமைத்தது. சமத்துவத்தை நோக்கி என்ற பெயரில் அதன் அறிக்கை 1974இல் வெளிவந்தது. விடுதலை பெற்ற நாட்டில் பெண்ணும் ஏறுமுகம் காண்கிறாள் என்று நம்பியிருந்தோர் முகத்தில் அறைந்தது அது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,000 ஆண்களுக்கு 972 பெண்கள். 1971இல் 930 பெண்கள்! மீதிப் பெண்கள் எங்கே? மேனாட்டுப் புத்தகத்தைப் படித்து எழுந்த கேள்வியன்று இது. நம் அரசே தலைகளை எண்ணி எழுதிய கணக்கிலிருந்து எழுந்த கேள்வி. அதே 1974இல் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக் கழகத்தில் மகளிரியல் ஆய்வு நிலையம் தோன்றியது. இப்பாடம் இறக்குமதிச் சரக்கு என்போருக்கு இந்த இரண்டு எண்களே விடை.

இனி, சந்தையின் கதைக்கு வருவோம்.

பிரிட்டனில் முதல் மகளிரியல் முதுகலை வகுப்பு 1980இல் கென்ட் பல்கலைக் கழகத்தில் தொடங்கிற்று. அதே 1980இல்தான் அந்நாட்டுப் பல்கலைக் கழகங்களில் வெளிநாட்டு மாணவர்கள் முழுச் செலவையும் கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது. ஒரு கை கதவைத் திறந்தது. மற்றொரு கை வாயிலில் கல்லாப்பெட்டியை வைத்தது. பிறகு உள்நாட்டு மாணவர் முறை வந்தது. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுன் கட்டணம். இங்கிலாந்தில் 2006இல் அது 3,000 ஆயிற்று. 2012இல் 9,000 வரை ஏறியது. படிக்க வந்தவனை மாணவன் என்பது மாறி, வாடிக்கையாளன் என்றே நடத்தும் நிலை வந்தது. 2005 முதல் ஆண்டுதோறும், மனநிறைவு பெற்றாயா என்று மாணவரைக் கேட்டு எண்கள் தொகுக்கும் வழக்கமும் ஏற்பட்டது.

கடனைத் தலையில் சுமந்து வரும் ஏழை வீட்டுப் பெண் என்ன கேட்பாள்? இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்றுதான் கேட்பாள். அவளைக் குறை கூறுவதற்கில்லை. 2008இல் லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக் கழகம் மகளிரியல் இளங்கலை வகுப்பை முடித்துக்கொண்டது. தனிப் பட்டமாகப் பிரிட்டனில் எஞ்சியிருந்த கடைசி வகுப்பு அது. சேருவோர் தொகை குறைந்துவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம்.

ஆனால் பாடம் முற்றிலும் மறைந்ததா? இல்லை. முதுகலை வகுப்புகள் நிலைத்தன. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1993இல் தொடங்கிய பாலினவியல் நிலையம் பெரிய துறையாக வளர்ந்தது; உலகின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் அங்கே வருகின்றனர். இதில்தான் சந்தையின் சூட்சுமம் இருக்கிறது. சந்தை இப்பாடத்தைக் கொல்வதில்லை. அதைத் தட்டு மாற்றி வைக்கிறது. கீழ்த்தட்டில் உள்ளவர்களுக்கு மூடுகிறது. மேல்தட்டில் உள்ளவர்களுக்கு நல்ல விலையில் விற்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்ணின் கூலியில்லா உழைப்பைப் பற்றி, வேலைக்காரி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் கட்டிப் படிக்கின்றனர். அந்த வேலைக்காரியின் மகள் வகுப்பில் இல்லை. படிப்பது தவறன்று, அவள் இல்லாதிருப்பதே தவறு.

அப்படிப்பட்ட வகுப்பறையை மனக்கண்ணால் பாருங்கள். ஒரே அறை. ஆப்பிரிக்காவிலிருந்து ஒருத்தி, சீனத்திலிருந்து ஒருத்தி, அரபு நாட்டிலிருந்து ஒருத்தி, நம் நாட்டிலிருந்து ஒருத்தி. ஆசிரியை மேனாட்டவர். முகத்திரை, வரதட்சணை, பல தார மணம் என்று பேச்சு வருகிறது. எந்த நாட்டின் பெயர் அடிபடுகிறதோ, அந்த நாட்டு மாணவி பக்கம் எல்லாக் கண்களும் திரும்புகின்றன. அவள் தன் நாட்டைத் தாங்கிப் பேசினால் பழமைவாதி. தாக்கிப் பேசினால் மேனாட்டார் கைத்தட்டலுக்குத் தன் மக்களை விற்றவள். இந்த இக்கட்டு ஏன் பிறக்கிறது? உலகப் பெண்களெல்லாரையும் அளக்க ஒரே ஒரு முழக்கோல், அதுவும் மேனாட்டு முழக்கோல் வைக்கப்பட்டிருப்பதால்!

இந்த முழக்கோலை ஒடித்தவர்கள் பண்பாட்டுக் காவலர்கள் அல்லர்; பெண்ணியம் பேசிய பெண்களே. மும்பையில் பிறந்து அமெரிக்காவில் ஆசிரியப் பணி புரிந்த சந்திரா தல்பாடே மொகந்தி 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். மேற்கின் கண்களின் கீழ் என்பது அதன் தலைப்பு. மூன்றாம் உலகப் பெண் என்று ஒரே வார்ப்பில் ஒரு பதுமையைச் செய்து, அவள் அறியாதவள், ஏழை, அடங்கிக் கிடப்பவள் என்று மேனாட்டு அறிஞர்கள் எழுதிவருவதை அவர் எடுத்துக் காட்டினார். 1987இல் நைஜீரியாவின் இஃபி அமாடியூமே, இக்போ மக்களின் நோபி ஊரில் செல்வமும் செல்வாக்கும் பெற்ற பெண்கள் தாமே மனைவியரைக் கொள்ளும் வழக்கம் இருந்ததை விளக்கி நூல் எழுதினார். 1997இல் அதே நாட்டின் ஒயெரொன்கெ ஒயெவூமி, யொருபா மக்களிடையே ஆண், பெண் என்பதைவிட மூத்தோர், இளையோர் என்பதே முதன்மையான பிரிவாக இருந்தது என்றும், வெள்ளையர் ஆட்சியே பால் வேற்றுமையை முன்னிறுத்தியது என்றும் வாதிட்டார். இவற்றுள் ஒயெவூமியின் முடிவை மறுத்தவர்களும் ஆப்பிரிக்க அறிஞர்களிடையே உண்டு. மறுக்கலாம், வாதிடலாம், அதுதானே கல்வி!

யொருபா மொழியில் அவன், அவள் என்ற வேறுபாடில்லாத ஒரே சொல் உண்டு. ஹங்கேரி மொழியும் அப்படியே. ஆணையும் பெண்ணையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி அது. மொழியில் பேதமில்லை, ஆனால் அந்த மொழி பேசிய நாடுதான் ஹூகொன்னாயைப் பதினெட்டு ஆண்டுகள் காக்கவைத்தது. சொல்லில் சமத்துவம் இருப்பதால் வாழ்வில் சமத்துவம் வந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? இத்தகைய ஒப்புநோக்கு ஒரு நாட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தால் கிட்டாது. நாடுகளின் எல்லையைத் தாண்டி இப்பாடத்தை நடத்துவதன் பயன் இதுவே.

எப்படி நடத்துவது? மொகந்தியே 2003இல் மூன்று வகைகளைப் பிரித்துக் காட்டினார். ஒருவகை ஆசிரியர், சுற்றுலாப் பயணியைப் போன்றவர்: தம் நாட்டுப் பாடத்தையே ஆண்டு முழுதும் நடத்திவிட்டு, ஒரு வாரம் மட்டும் பிற நாட்டுக் கொடுமைகளைக் காட்டிவிட்டு வீடு திரும்புவார். இரண்டாம் வகையினர் நாடு காண் பயணி போன்றவர்: பிற நாட்டுப் பெண்களைப் பற்றி விரிவாகப் பேசுவார், ஆனால் அவர்கள் வேறு, நாம் வேறு என்று எட்டி நிற்பார். மூன்றாம் வகையினர் ஒப்பிட்டுக் காட்டுபவர்: இங்குள்ள பெண்ணின் நிலைக்கும் அங்குள்ள பெண்ணின் நிலைக்கும் இடையே ஓடும் இழையைப் பிடித்துக் காட்டி, இருவரையும் தோழியராக்குவார். இங்கிலாந்துக் கடையில் மலிவாகத் தொங்கும் சட்டையையும், அதை டாக்காவில் தைத்த பெண்ணின் கூலியையும் ஒரே பாடத்தில் வைப்பது மூன்றாம் வகை. அப்போது சட்டை வாங்கும் பெண் இரக்கப்படுபவளாக மட்டும் இருக்க முடியாது. கணக்குக்கு விடை சொல்ல வேண்டியவளாகிறாள்.

இந்த மூன்றாம் வழிக்குத்தான் சந்தை இடம் தர மறுக்கிறது. சுற்றுலா இன்பமானது, கட்டணம் கட்டியவர் மனம் நோகாது. கணக்குக் கேட்பது கசப்பானது. மனநிறைவு எத்தனை விழுக்காடு என்று எண்ணும் இடத்தில், மனத்தை உறுத்தும் பாடத்துக்கு மதிப்பெண் குறையும். ஆசிரியரும் ஆண்டு ஒப்பந்தத்தில் பணியாற்றுபவரானால், உறுத்தும் கேள்வியைத் தவிர்த்துவிடவே தூண்டப்படுவார்.

ஆப்பிரிக்கக் கண்டத்தில் உகாண்டா நாட்டின் மக்கெரேரே பல்கலைக் கழகத்தின் கதை, இந்த இருமுனைப் போராட்டத்தை ஒரே இடத்தில் காட்டுகிறது. கம்பாலா நகரில் ஆடவர்க்கென்று தொடங்கிய நிலையம் அது. நாம் ஆண்மக்களாய் இருப்போம் என்பதே அதன் குறிக்கோள் வாசகம்! 1945இல் பெண்கள் அங்கே சேர்ந்தனர். வாசகத்தை மாற்றியாக வேண்டிய நிலை வந்தது. எதிர்காலத்துக்காகக் கட்டுகிறோம் என்று மாற்றினர். வாசகம் மாறிய அளவுக்கு எண்ணிக்கை மாறவில்லை. எனவே 1990இல், சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் பெண்களுக்கு 1.5 புள்ளி கூடுதலாகத் தரும் ஏற்பாடு வந்தது. அடுத்த ஆண்டு, 1991இல், மகளிரியல் துறை நிறுவப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு, 1992இல், கட்டணம் செலுத்தும் தனியார் மாணவர்களைச் சேர்க்கும் முறை தொடங்கியது!

மூன்றாண்டுக்குள் மூன்று நிகழ்ச்சிகள். நீதி, அறிவு, விலை மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அதே வாயிலில் நுழைந்தன. 1990களின் இறுதிக்குள் கட்டணம் கட்டுவோர் தொகை, அரசு உதவி பெறுவோர் தொகையை விஞ்சிவிட்டது. அந்த மாற்றம் கல்வியை என்ன செய்தது என்பதை மஹ்மூத் மம்தானி 2007இல் ஒரு நூலாகவே எழுதினார். சந்தையில் நிற்கும் அறிஞர்கள் என்ற பொருள்படும் தலைப்பு அதற்கு. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் துறை மூடப்படவில்லை. வளர்ந்து, மகளிர் மற்றும் பாலினவியல் பள்ளியாயிற்று. 2004இல் சில்வியா தமாலே அந்தப் பல்கலைக் கழகத்தின் சட்டப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்ணானார். 2011இல் ஆப்பிரிக்காவின் பாலியல்புகளைப் பற்றி ஆப்பிரிக்கர் எழுதியவற்றைத் தொகுத்துப் பெரும் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். இது மேனாட்டுச் சரக்கு என்ற கூச்சலுக்கு அந்தத் தொகுப்பே மறுமொழி. சொந்த மண்ணில் வேர்விட்ட பாடத்தைப் பிடுங்குவது எளிதன்று.

வேர்விட விடாமல் பறிக்கப்பட்ட இடமும் உண்டு. ஆப்கானிஸ்தானில் காபூல் பல்கலைக் கழகம் 2015இல் பாலினவியல், மகளிரியல் முதுகலை வகுப்பைத் தொடங்கியது. ஆண்களும் பெண்களும் ஒருங்கே அமர்ந்து கற்றனர். 2021 ஆகஸ்டில் தாலிபான் ஆட்சி வந்தது. 2022 டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக் கழகக் கதவே சாத்தப்பட்டது. பண்பாடு என்ற பெயரால் முதலில் பாடம் ஐயத்துக்குள்ளாகிறது. கடைசியில் படிக்கும் பெண்ணே விலக்கப்படுகிறாள்.

குடியாட்சிகளிலும் காற்று மாறாமல் இல்லை. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து நியூ காலேஜ் என்ற அரசுக் கல்லூரியின் அறங்காவலர் குழு, பாலினவியல் பாடத்தை ஒழிக்கும் பணியைத் தொடங்க வாக்களித்தது. காபூலையும் ஃபுளோரிடாவையும் ஒன்றெனக் கூறவில்லை நாம். ஒன்று பாதாளம், மற்றொன்று சறுக்குப் பாதை. சறுக்குப் பாதையின் தொடக்கத்திலேயே காலை ஊன்றிக்கொள்ள வேண்டும் என்றே கூறுகிறோம்.

புடாபெஸ்ட்டிலிருந்து துரத்தப்பட்டதன் பின்கதையும் உண்டு. 2017இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் நெருக்கடியால் மத்திய ஐரோப்பியப் பல்கலைக் கழகம் அந்நாட்டில் அமெரிக்கப் பட்டங்களை வழங்க முடியாத நிலை வந்தது. 2019இல் அது வியன்னா நகருக்குக் குடிபெயர்ந்தது. பாலினவியல் துறையும் உடன் சென்றது. 2020 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அந்தச் சட்டம் ஒன்றியத்தின் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. நீதி வந்தது, ஆனால் பல்கலைக் கழகம் சென்ற பிறகு வந்தது. வியன்னாவிலே அப்பாடம் இன்றும் நடக்கிறது. வியன்னா சென்று தங்கிப் படிக்க வழியுள்ளவர் படிக்கின்றனர். ஹங்கேரியின் சிற்றூரில், அரசுப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து இதைப் படித்திருக்கக் கூடிய ஏழைப் பெண்ணுக்குத்தான் கதவு அடைபட்டது. தடியெடுத்தவனும் தராசெடுத்தவனும் வேறு வேறு வழியில் நடந்து, கடைசியில் ஒரே பெண்ணைத்தான் வெளியே நிறுத்தினர்!

வரலாறு நமக்குத் தரும் முடிவு இதுவே. விலைபோகாது என்பதும், மரபுக்கு ஒவ்வாது என்பதும் நூற்றைம்பது ஆண்டுகளாகச் சேர்ந்தே நடமாடும் இரட்டையர். 1873இல் மருத்துவம் கற்ற பெண் வேண்டாதவள். இன்று அவளில்லாமல் மருத்துவமனை இல்லை. இன்று பாலினவியல் கற்றவள் வேண்டாதவள் என்கின்றனர். தொழிற்சாலையில் பெண்ணுக்கு நேரும் தொல்லையை விசாரிக்கவும், கூலிக் கணக்கில் ஒளிந்திருக்கும் வேற்றுமையை வெளிக்கொணரவும், கணக்கெடுப்பில் காணாமற்போன பெண்களைத் தேடவும் அறிவு தேவைப்படுகிறது. அந்த அறிவுக்கு விலை கொடுக்க முதலாளி முன்வராவிட்டால், அது தேவையற்றது என்று பொருளல்ல. அவருக்குத் தேவையில்லை என்றே பொருள்.

பகுத்தறிவு வழி நடக்கும் வாலிபர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. நம் நாட்டிலும் சுயநிதி வகுப்புகள் பெருகிவிட்டன. எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் என்று தலை எண்ணும் வழக்கம் இங்கும் வேரூன்றிவிட்டது. உங்கள் கல்லூரியில் மகளிரியலோ பாலினவியலோ இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், கட்டணம் எவ்வளவு, உதவித் தொகை உண்டா, அதைப் பெற்றவர் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று கேளுங்கள். ஆசிரியர் நிலையான பணியில் இருக்கிறாரா, ஆண்டுக்காண்டு அஞ்சி வாழ்கிறாரா என்று கேளுங்கள். பாடத்தில் உழவு செய்யும் பெண்ணும் நெசவு செய்யும் பெண்ணும் துப்புரவு செய்யும் பெண்ணும் வருகிறார்களா, அல்லது வெளிநாட்டுப் பெயர்கள் மட்டும் வருகின்றனவா என்று கேளுங்கள். ஆண் மாணவர்களே, அந்த வகுப்பு எங்களுக்கல்ல என்று ஒதுங்காதீர்கள். மாடிகளைக் கட்டியதில் நம் முன்னோர்க்குப் பங்கு உண்டென்றால், இடிப்பதில் நமக்குப் பங்கில்லாமற் போகுமா?

பாடம் இல்லாத இடத்தில் படிப்பகம் உண்டு. சூரிக் சென்ற பெண்கள் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் கற்றனர். அரசியலைத் தங்கள் சொந்த வாசிப்பு வட்டத்தில் கற்றனர். சந்தை விற்க மறுக்கும் அறிவை மக்கள் இலவசமாகப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் அது மாற்று ஏற்பாடே, மன நிறைவடையற்க! மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக் கழகத்தில், மக்களுள் பாதிப் பேரின் வாழ்வைப் பற்றிய பாடம் கட்டணக் கவலையின்றி நடக்க வேண்டும். அதைக் கேட்பது சலுகை கேட்பதன்று, உரிமை கேட்பது. கேளுங்கள்; கேட்டுக்கொண்டே இருங்கள்.